படம் உடையக் கூடாது

— பாரு, மறுபடியும். அவ வீட்டுப் படியில கால் வைக்கறேன், படம் கட்டம் கட்டமா உடைஞ்சு போகுது.

— அவ வீடுன்னு சொல்லாத, ஸ்விலென். கேம்ல இருக்கற வீடுன்னு சொல்லு.

— சரி. கேம்ல இருக்கற வீடு.

— இதுக்கா கூப்பிட்ட? பால்கனில மிளகாய் பாதி சுட்டும் சுடாமலும் கிடக்கு. என் கை பூரா மிளகாய்த் தோலு.

— கை கழுவிட்டு வா, ராதி. உனக்குத் தெரியாத நெட்டா? நாள் பூரா அந்த வேலதானே பாக்கற.

— நாள் பூரா போன்ல முகம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பெட்டில விளக்கு பச்சையா எரியுதா, ஆரஞ்சா எரியுதா, பொறுமையாப் பாத்துச் சொல்லுங்கன்னு. சனிக்கிழமை வீட்ல உக்காந்து, புருஷனோட செத்துப்போன பொண்டாட்டிக்கும் அதே சேவை செய்யணுமா?

— அவளுக்கு இல்ல. எனக்குச் செய்யி.

— அது அதவிட மோசம்.

— ராதி, இன்னிக்கு ராத்திரியோட அந்தக் கேமையே மூடுறாங்க. நாளைக்கு அந்த ஊரு, தெரு, வீடு எதுவும் இருக்காது. வாசல்லேருந்து கடைசி ரூம் வரைக்கும் ஒரே ஒரு தடவ முழுசா ரெக்கார்ட் பண்ணிக்கறேன். அவ்வளவுதான்.

— கன்சோல்லயே அதுக்கு ஒரு பட்டன் இருக்குமே.

— பழைய கன்சோல். கால் மணி நேரத்துக்கு மேல பிடிக்க மாட்டேங்குது. வெட்டிடுது.

— டிவிக்கும் கன்சோலுக்கும் நடுவுல மாட்டற மாதிரி ஒரு கருவி விக்குது.

— ஆர்டர் போட்டாச்சு. வியாழக்கிழமைதான் வரும்னுட்டான்.

— ஓ. ஆர்டர் வரைக்கும் போயாச்சா? குளியலறைல ஒரு பலகை அடின்னு ஈஸ்டர்லேருந்து கத்தறேன். அதுக்கு நாலு திருகாணி வாங்க உனக்கு நேரம் கிடைக்கல.

— அடுத்த வாரம் அடிக்கறேன்.

— சரி விடு. இப்ப எப்படி ரெக்கார்ட் பண்ற, அதச் சொல்லு.

— கன்சோல் இங்க ஹால்ல இருக்கு. அது படத்த நம்ம வீட்டு வைஃபைல லேப்டாப்புக்கு அனுப்புது. லேப்டாப் அத ரெக்கார்ட் பண்ணுது.

— லேப்டாப் எங்க?

— படுக்கையறைல.

— ஹால்ல மேசை இருக்கறப்ப படுக்கையறைக்கு எதுக்குக் கொண்டு போன?

— கதவச் சாத்திக்கலாமேன்னு.

— யாருக்காக? எனக்காகவா?

— மிளகாய்ப் புகைக்காக.

— நல்லாச் சொன்ன. புகையாம். ஸ்விலென், உயிரோட இருக்கற ஒருத்தின்னா நான் நேரா போய் முடியப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன். இவள என்ன பண்றது? இவகிட்டத் தோத்தாலும் கேவலம், ஜெயிச்சாலும் கேவலம்.

— யாரும் உன்ன அவகூடச் சண்டை போடச் சொல்லல.

— லேப்டாப்ப எடுத்துக்கிட்டு இங்க வா. இந்த மேசைல வை. வேலையப் பாப்போம்.

— இங்க வச்சா சரியாயிடுமா?

— ஆகாது. உன் படம் இங்கேருந்து காத்துல கிளம்பி, இந்தக் காங்கிரீட் சுவத்தத் தாண்டி, நடைல இருக்கற வைஃபை பெட்டிக்குப் போகுது. அங்கேருந்து திரும்பவும் காத்துல, திரும்பவும் அதே சுவத்தத் தாண்டி லேப்டாப்புக்கு வருது. சட்டி நிறைய சூப்பத் தூக்கிக்கிட்டு ரெண்டு தடவ மாடி ஏறி இறங்கினா தளும்பத்தானே செய்யும்?

— அப்ப என்ன பண்ணணும்?

— காத்தே வேண்டாம். ரெண்டுக்கும் கேபிள் போடணும். பெட்டிலேருந்து கன்சோலுக்கு ஒண்ணு, லேப்டாப்புக்கு ஒண்ணு. என் ஆபீஸ் பைல நீளமா ரெண்டு கிடக்கு. சுவத்துல கீழ ஓரமா ஒரு ஓட்டை போட்டா நேரா வந்துடும்.

— இரு, டிரில் எடுத்துட்டு வரேன்.

— உடனேவா?

— உடனேதான். எங்க, இங்கயா? இன்னும் கீழயா?

— ஈஸ்டர்லேருந்து தூங்கின டிரில்லு இன்னிக்கு எப்படி முழிச்சுக்கிச்சு பாரு. போடு, போடு. சுவரே விழுந்தாலும் பரவால்ல.

— கொஞ்சம் தள்ளி நில்லு. தூசி பறக்கும்.

— நிறுத்து, ஸ்விலென். நிறுத்துன்னா. யாரோ கதவத் தட்டறாங்க.

— கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க. யாரு, கீழ் வீட்டு மெத்தோடி ஐயாவா?

— நான்தான். ஒரே வார்த்தை கேக்கறேன், ஸ்விலென். மணி என்ன?

— மூணு ஆகல, ஐயா. மன்னிச்சிருங்க.

— ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் இந்தக் கட்டடத்துல யாரும் ஆணி அடிக்கக் கூடாது. கீழ வாசல்ல கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன். எங்க வீட்டு விளக்கு ஊஞ்சலாடுது. சூப்புல சுண்ணாம்பு விழுது.

— தப்பு என்னோடது, ஐயா. நான்தான் ஓட்டை போடச் சொன்னேன்.

— உன்ன ஒண்ணும் சொல்லல, ராதினா. நீ புதுசு.

— நான் இங்க வந்து ஒன்றரை வருஷமாச்சு, ஐயா.

— அதான் சொல்றேன், புதுசு. எலிட்சா இருந்த காலத்துல மத்தியானம் இந்த மாடில ஆள் இருக்கறதே தெரியாது. அப்படி ஒரு அமைதி. ராத்திரி மட்டும் சிரிப்பா. ஸ்விலென் ரயில் ஓட்டப் போன ராத்திரியெல்லாம் எங்க கூரை வழியா அந்தச் சிரிப்பு இறங்கும். தூக்கம் கெட்டுத்தான் போகும். ஆனா அதுக்கு நான் ஒரு நாள்கூட மேல வந்து கதவத் தட்டினதில்ல. நல்ல சிரிப்பு.

— டிரில்ல வச்சுட்டேன், ஐயா. நாலு மணி வரைக்கும் தொட மாட்டேன்.

— எதுக்கு இந்த ஓட்டை?

— எலிட்சா விளையாடின கேம இவன் ரெக்கார்ட் பண்ணணுமாம், ஐயா. அதுக்குக் கேபிள் இழுக்கறோம்.

— எலிட்சாவோடதா? அத முதல்லயே சொல்றதுதானே. ஒரே வார்த்தை சொல்றேன், கேளுங்க. கதவுக்கு அடில விடுங்க. அந்தக் காலத்துல டெலிபோன் கம்பிய நாங்க எல்லாரும் அப்படித்தான் இழுத்தோம். நான் வரேன்.

— போயிட்டாரு. எழுபது வயசுல அந்த மனுஷனுக்கு மூஞ்சியே மாறிடுச்சு, அவ பேரச் சொன்னதும்.

— கேபிளோட இந்த முனையப் பிடி. கதவுக்கு அடில தள்ளறேன்.

— நல்ல சிரிப்பாம்.

— வயசானவரு. விடு, ராதி.

— நான் சிரிச்சா கீழ கேக்குதா? கேக்காது. இந்த வீட்ல நான் சத்தமா சிரிச்சதே இல்ல. இப்ப அவர் சொன்னதுக்கப்புறம்தான் யோசிக்கறேன். ஏன் சிரிக்கல? இந்தத் தரை ஓடு அவ பாத்து எடுத்தது. திரை அவ தைச்சது. ஒரு கரண்டிய இடம் மாத்தி வச்சாக்கூட அடுத்தவங்க வீட்ல கை வைக்கற மாதிரி இருக்கு.

— உனக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்கன்னு நான் அன்னிக்கே சொன்னேனே.

— சொன்ன. திரையக் கழட்டினேன். நீ ஒரு மணி நேரம் ஜன்னல்கிட்டயே நின்ன. திரும்ப மாட்டிட்டேன்.

— முனை வந்துடுச்சா?

— வந்துடுச்சு. இழுக்காத, இடிக்குது. ஏன் ஸ்விலென், நீ இல்லாத ராத்திரில கூடச் சிரிச்சிருக்காளே, போன்ல உன்கூடப் பேசிக்கிட்டே விளையாடுவாளா?

— இன்ஜின்ல உக்காந்துட்டா போன் எடுக்கக் கூடாது. தெரியும்தானே உனக்கு?

— அப்ப தனியா சிரிச்சாளா?

— அடுத்த கேபிளக் குடு.

— இந்தா. இது லேப்டாப்புக்கு. சொருகு. கன்சோல்ல நான் சொருகறேன். விளக்கு பச்சையா, ஆரஞ்சா?

— பச்சை.

— இப்ப ஓட்டு. நடந்து போ.

— தெரு வருது. பேக்கரி வருது. நல்லாத்தான் இருக்கு. அய்யோ, இல்ல. உடையுது. அதே மாதிரி உடையுது.

— தள்ளு, நான் பாக்கறேன். ம். நெனச்சேன். உன் லேப்டாப்பப் பாரு. கேபிள் சொருகியாச்சு, விளக்கும் எரியுது. ஆனா இது இன்னும் பழைய வைஃபையத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு. புதுசு பக்கத்துல வந்து உக்காந்திருக்கு, அதத் திரும்பிக்கூடப் பாக்கல. எங்கயோ பாத்த மாதிரி இருக்கு இல்ல?

— ராதி, போதும்.

— நான் லேப்டாப்பச் சொன்னேன். இரு, வைஃபைய அணைக்கறேன். இனிமே அதுக்கு வேற வழி கிடையாது. இப்ப நட.

— பேக்கரி. பாலம். ஆத்தங்கரை. திரும்பறேன். உடையல.

— உடையாது. ஓடிப் பாரு. வேகமாத் திரும்பு.

— உடையல. நீ பெரிய ஆளு, ராதி.

— தெரியும். இதான் அந்த வீடா?

— இதான்.

— நீல ஜன்னல்.

— ம்.

— திராட்சைப் பந்தல் வேறயா? கிணறு. ரோஜாச் செடி வரிசையா. ஸ்விலென், நமக்குப் பால்கனில ஒரு துளசிச் செடி மாதிரி எதையாவது வைன்னா, காய்ஞ்சுடும் வேண்டாம்னு சொன்னவன் நீ. இங்க என்னடான்னா வேலி கட்டி, பாத்தி கட்டி, தண்ணிக் கால்வாய் விட்டு... இதெல்லாம் கட்ட எத்தனை நாள் ஆச்சு?

— ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

— ஆகியிருக்குமா? கட்டினவன் பேசற பேச்சா இது?

— கதவு எந்தப் பட்டன்ல திறக்கும்?

— என்னைக் கேக்கற?

— மறந்து போச்சு. முக்கோணமா?

— வட்டமாத்தான் இருக்கும். அமுக்கிப் பாரு. திறந்துடுச்சு பாத்தியா. சொந்த வீட்டு வாசக்கதவு தெரியல மகராசாவுக்கு. சுவத்துல வேற போய் முட்டற.

— முட்டல.

— முட்டற. கேம்ல வர்ற அந்தப் பொம்மை நேரா நடக்கவே மாட்டேங்குது, உன் கைல. அடுப்பு பாரேன். மேல சட்டி, பக்கத்துல ரொட்டி. மேசைக்கு ரெண்டே நாற்காலி. ரெண்டு கோப்பை. நாலு பேர் வந்தா உக்கார இடமில்ல. யாரையும் உள்ள விடற எண்ணமே இல்லாம கட்டின வீடு இது.

— ராதி, நீ போய் மிளகாயப் பாரு.

— மிளகாய் கருகட்டும். அந்தப் பக்கம் என்ன? மாடிப்படி. மேல எத்தனை ரூம்?

— தெரியல. மேல போக வேண்டாம் இப்ப.

— ஏன்?

— ரெக்கார்ட் ஓடறப்பப் போய்க்கலாம். இப்ப வெளிய வந்துடறேன்.

— என் முன்னாடி பாக்க வெக்கமா இருக்கு, இல்ல? உங்க படுக்கையறை மேலதான் இருக்கும். ஸ்விலென், ஒண்ணு சொல்றேன். மத்தவங்க புருஷன் வெளிய ஒருத்திய வச்சிருப்பான். கேள்விப்பட்டிருக்கேன். என் புருஷன் ஒரு முழு வீட்டையே பெட்டிக்குள்ள வச்சிருக்கான். கல்யாணமானதிலேருந்து அது என் டிவிக்குக் கீழயே உக்காந்திருக்கு. நான் அதுமேல தூசி துடைச்சிருக்கேன்.

— நீ நெனைக்கற மாதிரி இல்ல.

— எப்படித்தான்னு சொல்லேன்.

— இன்னொரு கோளாறு இருக்கு. அதச் சரி பண்ணிக் குடுத்துடு. அப்புறம் எல்லாம் சொல்றேன்.

— இன்னும் என்ன? படம்தான் உடையாம வருதே. ரெக்கார்டப் போட வேண்டியதுதானே.

— கேட்டுல பாரு. சிவப்பா ஒரு பூட்டு இருக்கு. விருந்தாளிகள் இணைய முடியவில்லைன்னு எழுதியிருக்கு.

— இருந்துட்டுப் போகட்டும். ரெக்கார்ட் பண்றதுக்கு விருந்தாளி எதுக்கு?

— வெளியாளுங்க வரப் போக இருந்தாதான் வீடு வீடு மாதிரி இருக்கும்.

— ராத்திரி இடிக்கப் போற வீட்டுக்கு விருந்தாளியா? யார் வரப் போறா?

— யாராவது வருவாங்க. ராதி, இது ஒண்ணு மட்டும். சாயங்காலத்துக்குள்ள.

— சாயங்காலத்துக்குள்ள என்ன?

— ஒண்ணுமில்ல. செய்ய முடியுமா, முடியாதா?

— என்னைப் பாத்து முடியுமான்னு கேக்காத. கோளாறு கண்ணுல பட்டா சும்மா விட்டுட்டுப் போக எனக்கு வராது. என் சாபம் அது. இரு, நடைல போய்ப் பாக்கறேன். ஆ, இதான். ஸ்விலென், அவ காலத்துல இந்தப் பூட்டு இருந்துச்சா?

— இருந்திருக்காது.

— இருந்திருக்காது. ஏன்னா அப்ப இங்க ஒரே பெட்டிதான். கம்பெனிக்காரன் குடுத்த இந்தப் பழசு. இப்ப ரெண்டு. ரெண்டாவது நான் கொண்டு வந்தது. கல்யாணத்தப்ப நம்ம வீட்டுக்கு நான் ஆசையா வாங்கினது, நாலு கொம்பு வச்சு.

— அதனால என்ன?

— ஒரே வாசலுக்கு ரெண்டு வாட்ச்மேன். வெளியேருந்து ஒரு ஆளு வந்து இந்த வீட்டுக்குப் போகணும்னு கேட்டா, முதல் வாட்ச்மேன் போங்கன்னு விடுவான். ரெண்டாவது வாட்ச்மேனுக்கு விஷயமே தெரியாது. யாருய்யா நீன்னு திருப்பி அனுப்பிடுவான். அதான் பூட்டு.

— ஒண்ண எடுத்துடலாமா?

— எடுக்க வேண்டாம். ஒண்ணு காவல் காக்காம சும்மா இருந்தா போதும். எத சும்மா இருக்கச் சொல்லட்டும்? நீயே சொல்லு.

— எது சுலபமோ அது.

— சுலபம் என்னோடத விலக்கறதுதான்.

— அப்ப அதையே பண்ணு.

— யோசிக்கக்கூட இல்ல நீ.

— பெட்டியப் பத்திப் பேசறோம், ராதி.

— நான் மட்டும் வேற எதப் பத்திப் பேசினேன்? சரி விடு. பழசே வாசல்ல நிக்கட்டும். என்னோடது அது சொல்றதக் கேட்டுக்கிட்டு ஓரமா உக்காரட்டும். அணைச்சுப் போடறேன். கொஞ்ச நேரம் நெட் வராது. கேம் வெளிய தள்ளிடும், திரும்பப் போ.

— எவ்வளவு நேரம் ஆகும்?

— ஏன் பறக்கற? ரயிலக்கூட நீ இவ்வளவு அவசரமா ஓட்டினதில்ல. அந்த முதல் விளக்கு பச்சையா?

— ஆரஞ்சு.

— இரு.

— இன்னும் ஆரஞ்சு.

— கத்தாம இரு. இதையே நான் வாடிக்கையாளருக்கு எத்தனை தடவ சொல்றேன், பொறுமை, பொறுமைன்னு.

— பச்சை. ரெண்டும் பச்சை.

— கன்சோலப் போடு. கேமுக்குள்ள போ. கேட்டுல என்ன எழுதியிருக்கு?

— விருந்தாளிகள் வரலாம்.

— வரட்டும். ஊரே வரட்டும். நான் போய்க் காபி போடறேன்.

— போகாத. இதப் பிடி. நீ நடத்து. நான் லேப்டாப்கிட்ட உக்காந்து ரெக்கார்டப் பாத்துக்கறேன்.

— நானா? உன் வீட்ட நானே சுத்திக் காட்டணுமா?

— நான் நடத்தினா சுவத்துல முட்டறேன்னு நீதானே சொன்ன.

— குடு. முற்றத்துல நிக்கறேன். ரெக்கார்டப் போட்டுட்டியா?

— போட்டுட்டேன். சிவப்புப் புள்ளி ஓடுது. படம் எப்படி இருக்கு?

— கண்ணாடி மாதிரி இருக்கு. திராட்சை ஒவ்வொண்ணும் தெரியுது. பொறாமையா இருக்கு, ஸ்விலென். நெஜமாவே சொல்றேன், சிரிக்காத. என்கூட நீ ஒரு அலமாரி கட்டல. இவகூட இவ்வளவு கட்டியிருக்க.

— நான் சிரிக்கல.

— அது யாரு?

— எங்க?

— கேட்டுக்கு வெளிய. ஒரு ஆளு, சாம்பல் கலர்ல கோட்டு. இப்பதான் தெருவுலேருந்து வந்தான். நிக்கறான். கைய ஆட்டறான். இந்தக் கேம்ல தெரியாதவன்லாம் இப்படி வீட்டு வாசல்ல வந்து நிப்பானா?

— தெரியாதவன் இல்ல.

— உன் சிநேகிதனா?

— பேரு ஒக்னியான். விதின்ற ஊர்ல இருக்கான்.

— நீ சொன்னதே இல்லயே.

— எனக்கே போன வாரம்தான் தெரியும். கேம மூடப் போறாங்கன்னு கேள்விப்பட்டு கன்சோலப் போட்டேன். அவ பேரு பச்சையா எரிஞ்சுது. அடுத்த நிமிஷம் இவன் ஓடி வந்து அந்தக் கேட்டுல நின்னான். எலி, நீயான்னு கேட்டான்.

— எலியா?

— அப்படித்தான் கூப்பிடுவான் போல. நான் ஒரு நாளும் அவள அப்படிக் கூப்பிட்டதில்ல. அவ செத்துட்டான்னு இவனுக்குத் தெரியவே தெரியாது. நான்தான் சொன்னேன். அப்புறம் உள்ள வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போகலாமான்னு கேட்டான். கேட்டுப் பூட்டு திறக்கல. சனிக்கிழமை சாயங்காலம் வா, சரி பண்ணி வைக்கறேன்னு சொன்னேன்.

— இவன் எதுக்கு உள்ள வரணும்? உங்க வீட்ல இவனுக்கு என்ன வேல?

— அந்த வீட்ட நான் கட்டல, ராதி.

— என்ன சொல்ற?

— எனக்கு அந்தக் கேமே ஆடத் தெரியாது. நான் ரயிலுக்குப் போன ராத்திரில இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து கட்டியிருக்காங்க. பந்தல், கிணறு, அந்த ரெண்டு நாற்காலி, எல்லாம். நான் காலைல வந்தா காபி போட்டுக் குடுப்பா. என்ன பண்ணினன்னு கேட்டா, சும்மா கொஞ்ச நேரம் விளையாடினேம்பா. நான் அந்த வாசப்படிய ஏறினதே இன்னிக்குத்தான்.

— மத்தியானத்துலேருந்து நான் கத்திக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சொல்லத்தான் வந்தேன். நீ பொறாமப்பட்டுக்கிட்டே இருந்த. நானும் அவளும் சேர்ந்து கட்டின வீடுன்னு உலகத்துல நீ ஒருத்தியாவது நம்பின. கேக்க நல்லா இருந்துச்சு.

— ஸ்விலென்.

— கேட்டுல நின்னு இன்னும் கைய ஆட்டறானா?

— ஆட்டறான். இவனுக்காகவா இத்தனையும்? கேபிளு, டிரில்லு, இந்த ரெக்கார்டும்?

— கேட்டத் திறக்கறது அவனுக்காக. ரெக்கார்ட் எனக்கு. படம் எங்கயாவது உடையுதா, நல்லாப் பாரு.

— இல்ல. உடையல.

— அப்பத் திற. வீட்டுக்காரன் வெளிய நிக்கறான். உள்ள வந்ததும் முதல்ல அவன் எந்த ரூமுக்குப் போறான்னு நான் பாக்கணும்.